இடது கை ஜரிகை

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கண் மணப்பெண்ணின் இடது கைக்குத்தான் முதலில் போகிறது. முகத்துக்கு அப்புறம்தான் வருவேன். மாமல்லபுரத்து விடுதிகளில் இப்போதெல்லாம் மணலிலேயே பந்தல் போட்டுத் தாலி கட்டுகிறார்கள். நான் தைத்த ஜாக்கெட்டோடு பெண் நடந்து வருகிறாள். நானோ அவள் இடது முழங்கைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊரப்பாக்கத்தில், ரயில் போகும்போதெல்லாம் ஊசிப் பெட்டி நடுங்கும் ஓர் அறையில், கொக்கி ஊசியால் பூ போடும் ஆரி வேலை கற்றேன். ஒரே இடத்தில் இருக்க வராத உடம்பு எனக்கு. கடலோரத்துப் பெண்கள் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்காகச் செங்கல்பட்டு வரை பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மாடி அறை பிடித்தேன். திறந்தால் கடல் தெரியும் ஜன்னல். அந்த ஜன்னலுக்காகவே பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் கல்யாண ஜாக்கெட் பக்கத்துத் தெரு மீன்காரம்மாவின் மகளுக்கு. மாப்பிள்ளை வீடு செங்கல்பட்டு. “டவுன்ல தைச்சா மாரி இருக்கணும்க்கா” என்று மட்டும் கேட்டாள். மெரூன் பட்டு, முழங்கை வரை நீளும் கை, இரண்டு கையிலும் ஜரிகைக் கம்பியில் மாங்காய்க் கொடி. அது நன்றாக அமைந்தால் இந்தக் கரையில் எனக்கு வேலை உண்டு. கெட்டால், காலையில் மீன் விற்று முடிவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆரி வேலைக்குப் படம் இறக்கும்போது, துளைபோட்ட காகிதத்தின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்ப்போம். அந்த வாடை துணியில் தங்கிவிடும். ஊரப்பாக்கத்தில் முடித்த ஜாக்கெட்டை ஜன்னலோரம் நாலைந்து நாள் தொங்கவிட்டால் போய்விடும். இங்கேயும் அதையே செய்தேன். கடல் காற்றாயிற்றே, இன்னும் சீக்கிரம் போகும் என்று நினைத்தேன். மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தாயும் மகளும் வந்தார்கள். துணியை விலக்கினேன். மண்ணெண்ணெய் வாடை போயிருந்தது. ஜரிகையின் மினுக்கும் போயிருந்தது. பழைய தாழ்ப்பாள் நிறத்தில் இரண்டு கையும்.

“இன்னாம்மா இது, கறுத்துக்கினு கீது?” என்றார் தாய்.

நடந்ததைச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கருவாடு காய வெக்கிற காத்துல கொண்ணாந்து ஜரிகைய மாட்டிகீறியே. இரும்பு கேட்டே ரெண்டு வருசம் தாங்காது இங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?”

மகள் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். “அளவு கரெக்டா கீதுக்கா” என்றாள் மெதுவாக. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

ஜரிகையைப் பிரித்துவிட்டுப் பட்டு நூலில் போடுகிறேன், நூல் கறுக்காது, ஆனால் மூன்று நாளில் ஒரு கைதான் முடியும் என்றேன்.

“சோத்துக் கையப் போடு” என்றார் தாய். “பீச்சாங்கைய முந்தான பாத்துக்கும். மடிப்பு வெக்காம அப்டியே வுட்டா ஆரு பாக்கப்போறா?”

“மாப்ள வூட்ல கேட்டா?” என்றாள் மகள்.

“கடல் காத்து வாங்கின பொண்ணு, அப்டித்தான் இருக்கும்னு சொல்லு.”

வலது கையைப் பிரித்தேன். மகள் எதிரே உட்கார்ந்து கறுத்த கம்பியைத் துண்டு துண்டாகக் கிள்ளி எடுத்தாள். பிறகு துணியைச் சட்டத்தில் பூட்டி, மஞ்சள் பட்டு நூலைக் கோத்தேன். மேலே ஊசி பிடித்த கை, கீழே நூல் பிடித்த கை, நடுவில் ஒருத்தியின் கல்யாணம்.

மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தேன். மாலை மாற்ற அவள் இரண்டு கையையும் தூக்கியபோது முந்தானை வழுக்கிக்கொண்டு இறங்கியது. கறுத்த மாங்காய் ஒன்று எட்டிப் பார்த்தது. தாய், வேர்வை துடைப்பவர் போல வந்து, முந்தானையை இழுத்துவிட்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்ணடித்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு நாதஸ்வரம் கேட்டது. அதுவரையும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

அந்த வலது கையைப் பார்த்துவிட்டு நெம்மேலியிலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள், நூலில் போட்டதைப் போலவே வேண்டும் என்று. இப்போது கடை பெரிது. ஜன்னலை அடைத்து ஏசி வைத்தாயிற்று. கடல் எந்தப் பக்கம் என்பதே சில நாள் உள்ளே இருக்கையில் மறந்துபோகிறது. உப்புப் பிசுபிசுப்போடு ஊசி பிடித்த அந்த அறைக்கு இந்த விரல்கள் இன்னும் ஏங்குகின்றன.

போன மாதம் மீன்காரம்மாவின் மகள் வந்தாள். நாத்தனார் கல்யாணத்துக்கு அதே ஜாக்கெட்டைப் போட வேண்டுமாம். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. பக்கத் தையலைப் பிரித்துத் தரச் சொன்னாள். மடியில் விரித்தேன். வலது கையில் மஞ்சள் கொடி அப்படியே இருந்தது. இடது கை இன்னும் கறுத்திருந்தது.

“இப்பவாவது இந்தக் கையையும் நூல்ல போட்டுடறேனே” என்றேன்.

அவள் அந்தக் கையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“அத்த மட்டும் தொடாதக்கா. வூட்டுக்காரு இன்னும் கண்டுபுடிக்கல.”