தலையிடிக்கு மட்டும் மரியாதை

கொழும்பு வெள்ளவத்தையில் தலையிடிக்கு நல்ல மரியாதை. ஒற்றைத் தலையிடி என்று சொன்னால் போதும், எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருத்தி வேர்க்கொம்பு அரைத்துப் பற்றுப் போடச் சொல்வாள், இன்னொருத்தி இங்கிலீஷ் மருந்தை விடச் சொல்வாள். மனச்சோர்வு என்று சொல்லிப் பாருங்கள், அதே வாய்கள் விசர் என்ற ஒரே சொல்லோடு கதையை முடித்துவிடும்.

எனக்கு இரண்டும் இருந்தன. மாதத்தில் ஆறேழு நாள் வலது கண்ணுக்குப் பின்னால் இடி. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே குமட்டிச் சத்தி வரும். அது விட்ட பிறகு வருவதுதான் மோசம். குளிக்காமல், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியைக்கூடப் பார்க்காமல் கிடப்பேன். அடுத்த இடி எப்போது என்ற பயத்தில் சோர்வு கூடும், சோர்வில் நித்திரை கெட்டு மறுபடி இடி வரும். என் கணவர் முதலாவதை மட்டும் ஊருக்கு அறிவித்தார். இரண்டாவதுக்கு அவர் வைத்த பெயர் பஞ்சி, வெறும் சோம்பல்.

கடைசியில் தலையிடிக்குப் பார்த்த டொக்டரே, மனநல டொக்டரிடமும் காட்டச் சொல்லி எழுதித் தந்தார். வெள்ளவத்தையில் சனல் பண்ணி நம்பர் எடுத்தால், காத்திருக்கிற வாங்கு முழுக்கத் தெரிந்த முகங்கள் இருக்குமாம், கணவர் சொன்னார். ஆகவே நகரத்தின் மற்ற அந்தத்தில் இருக்கிற கொட்டாஞ்சேனை. காலி வீதி வாகன நெரிசலில், வெடிக்கிற தலையோடு என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்ப மானத்தைக் காப்பாற்றப் போனார்.

போய் இறங்கினால், வாங்கில் எங்கள் மூன்றாம் மாடி அன்ரி, மகளோடு. வெள்ளவத்தைக்காரர் எல்லாரும் ஒளிக்கிற இடம் கொட்டாஞ்சேனைதான் என்று எங்கள் வீட்டு மேதாவிக்கு யாரும் சொல்லவில்லை.

"இவவுக்குத் தலையிடி, அன்ரி," என்றார், கேட்காமலே.

"ஓம் தம்பி, இவளுக்கும் அதுதான்."

மனநல டொக்டரின் பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்துகொண்டு இரண்டு பேரும் தலையிடியைப் பற்றியே கதைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோறே இல்லாமல் மறைத்தவர்கள் இவர்கள்தான். அந்த மகள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் நம்பர் வந்ததும் அவரும் உள்ளே வந்தார். எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். வருத்தம் ஒருவருக்கு, கதைப்பது கூட வந்தவர். நித்திரை எப்படி என்று டொக்டர் கேட்டார், அவர் சொன்னார். சாப்பாடு? அதையும் அவரே சொன்னார்.

"தலையிடி இல்லாத நாளில எப்பிடி?"

"அண்டைக்கெல்லாம் நல்லா இருப்பா, டொக்டர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்டைக்குத்தான் மோசம்," என்றேன். "தலையிடிக்கேக்க இது நிண்டாப் போதும் எண்டு ஒரு ஆசையாவது இருக்கும். மற்ற நாளில ஒண்டும் வேண்டாம். உயிரும் வேண்டாம்."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். "மெல்லக் கதையும், வெளியில கேக்கும்."

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு அந்த நேரத்தில் சொல்ல இருந்தது அவ்வளவுதான். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, அவரை வெளியில் இருக்கச் சொன்னார். அவர் எழும்பவில்லை. நான் மறிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்கோ," என்றேன்.

கதவு சாத்திய பிறகு டொக்டர் முதலில் இருந்து கேட்டார், நித்திரை எப்படி என்று. நான் அழுதுகொண்டே பதில் சொன்னேன்.