நாலு கிளாஸும் ஒரு மூக்கும்

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. சரக்குக் கப்பல் இல்லை, பணக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கிற கப்பல். அதில் சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி, எடுத்து ஊற்றிக் கொடுப்பார். இதைக் கேட்டால் காளவாசலில் எங்கள் தெருக்காரர்கள் "பார்ல சப்ளையரா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உட்கார்ந்து விளக்க எனக்கு நேரம் கிடையாது. நான் பூண்டு ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். விடிந்தால் பூண்டு உரிக்கிற வேலை.

அவர் குடிக்க மாட்டார். ஒயினை முகர்ந்து பார்ப்பார், வாயில் வைத்துத் துப்பிவிடுவார். பாட்டில் கெட்டுப்போயிருந்தால் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். "துப்புறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று எங்கள் அம்மா கேட்டாள்.

ஒரு லீவுக்கு வரும்போது கைலியிலும் துண்டிலும் சுற்றி நாலு கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தார். நாலும் நாலு மாதிரி, நாலுக்கும் அடியில் ஒல்லியாக ஒரு காம்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உருப்படியாக ஒரு மிக்ஸி வாங்கி வந்திருக்கலாம். என் ஊறுகாய் ஜாடிகளை ஓரம் தள்ளிவிட்டு அலமாரியில் அவற்றை வரிசையாக நிறுத்தினார். வயிறு பெருத்தது சிவப்பு ஒயினுக்கு, அதுக்குக் காற்றுப் படணுமாம். வாய் குறுகினது வெள்ளை ஒயினுக்கு, குளிர்ச்சி போகக் கூடாதாம். ஒல்லியாக உயரமாக இருந்தது நுரைக்கிற ஒயினுக்கு, நுரை சீக்கிரம் அடங்காதாம். குட்டியாக இருந்தது இனிப்பு ஒயினுக்கு.

அன்றைக்குத் திருமங்கலத்தில் இருந்து என் தம்பி வந்திருந்தான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"உள்ள போனா எல்லாம் ஒன்னுதான மச்சான். இதுக்கு எதுக்கு நாலு கிளாஸ்? ஒரு எவர்சில்வர் டம்ளர் பத்தாதா?"

"உன் வாய்க்கு அதுவே அதிகம் மாப்ள."

பன்னீர் திராட்சை ஜூஸ் போட்டு வைத்திருந்தேன். பெரிய கிளாஸை எடுத்து, தளும்பத் தளும்ப ஊற்றித் தம்பியிடம் நீட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும். மிச்சம் வாசனை நிக்கிறதுக்கான இடம்."

"அம்புட்டுக் கொஞ்சமா ஊத்திக் குடுத்தா இவன் என்னையக் கஞ்சம்னு ஊர் பூராம் சொல்லுவான்."

"இப்பவே அப்படித்தானக்கா சொல்றேன்," என்றான் தம்பி.

"அதோட, வயித்தப் பிடிக்காத, காம்பைப் பிடி," என்றார் அவர் என்னிடம். "கைச் சூடும் கை வாடையும் கிளாஸுல ஏறிரும். உன் கையைப் பாரு, பூண்டு மூடை மாதிரி வாடை அடிக்குது."

"அந்தப் பூண்டு உரிக்காட்டி வீட்டுல அடுப்பு எரியாது," என்றேன்.

லீவில் வந்தால் அவருக்கும் எனக்கும் தினமும் இந்தச் சண்டைதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பூண்டு வாடை" என்பார். நான் திட்டுவேன்.

அப்புறம் கொரோனா வந்து கப்பல்கள் நின்றன. அவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது, வாசனை போனது. எனக்குச் சீக்கிரம் திரும்பிவிட்டது. அவருக்கும் வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால் வாசல் வரைக்கும் தீய்ந்த வாடை. அடுப்பில் பால் கரிந்து சட்டி கறுத்திருக்கிறது, பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்த வாயைத் திறந்தேன். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார், அவருக்கு ஒரு வாடையும் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தேய்த்தேன். அவர் பூண்டு வாடை என்று சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கப்பல்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. கோடையில் வந்து சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சேருமுன் ஒரு சோதனை உண்டு. ஒயின்களை முகர்ந்து எது என்ன, எது கெட்டது, எதற்கு எந்த கிளாஸ் என்று சொல்ல வேண்டும். மூக்கில்லாமல் அந்த வேலை இல்லை.

மூக்கு டாக்டர் மருந்து எழுதவில்லை. வாசனையுள்ள பொருளாக நாலை எடுத்துக் காலையும் சாயங்காலமும் முகரச் சொன்னார், பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமைக்கு நான் எங்கே போவேன்? இவர் அந்த நாலு கிளாஸையும் இறக்கினார். ஒல்லி கிளாஸில் எலுமிச்சைத் தோல், குட்டி கிளாஸில் கிராம்பு, வாய் குறுகினதில் காப்பித்தூள், பெரியதில் நசுக்கின பன்னீர் திராட்சை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்வார். பக்கத்தில் நின்று "வந்துச்சா?" என்பேன். தலையை ஆட்டுவார். ஒன்றும் இல்லை. பொங்கல் போனது, மாசி போனது, ஒன்றும் இல்லை. கிளாஸை மட்டும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று துடைத்து வைப்பார். 

ஒரு நாள் சாப்பிடும்போது, "மாப்ளகிட்டப் பேசிட்டேன். அவனோட சேர்ந்து லோடு ஆட்டோ ஓட்டலாம்னு இருக்கேன்," என்றார்.

"ஓட்டுங்க. அதுக்கு மூக்கு வேணாம். ஆனா காலையில மோந்து பாத்துட்டுப் போங்க."

"எதுக்கு?"

"திராட்சை வாங்கிட்டேன். வீணாப் போகும்."

மறுநாள் எனக்கு ஆர்டர் அதிகம். கூடை நிறையப் பூண்டு கிடந்தது. அவர் கூடத்தில் இருந்து திராட்சையைக் கேட்டார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, நாலு பழத்தை நசுக்கிப் பெரிய கிளாஸில் போட்டு, வயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூக்கை உள்ளே விட்டார். முகம் சுருங்கியது.

"காம்பைப் பிடின்னு உனக்கு எத்தன தடவ சொல்றது? கிளாஸ் பூராம் பூண்டு."

"ஆமா, கப்பல்காரருக்குக் காம்பு ஒன்னுதான் குறைச்சல்," என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். 

"இப்ப என்ன சொன்னீங்க?"

திரும்பவும் முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். "திராட்சை வரல. பூண்டு வருது. லேசா, தூரத்துல இருந்து வர்ற மாதிரி."

 அவர் என் கையைப் பிடித்து விரல்களை மூக்கில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்து வழிந்து என் விரல் ஈரமானது. சேலையில் துடைக்கப் போனேன்.

"துடைக்காத," என்றார்.

அப்புறம் என் புத்தி என்னை விடவில்லை. நாலு கிளாஸிலும் பூண்டை உரித்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றாக முகர்ந்தார், கப்பலில் செய்கிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரப்படாமல்.

"ஒல்லியில வரல. குட்டியில குத்துது. வெள்ளை ஒயின் கிளாஸுல பரவாயில்ல." பெரியதைத் தூக்கினார். "பூண்டுக்கு வயிறு பெருத்த கிளாஸுதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆர்டர் அன்றைக்குப் போகவில்லை. கடைக்காரர் போனில் கத்தினார், நானும் கத்தினேன்.

மிச்ச வாசனைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. கிராம்பு வந்தது. எலுமிச்சை வந்தது. காப்பி மட்டும் கொஞ்ச நாள் டயர் எரிகிற வாடையாக வந்தது. கடைசியாகத் திராட்சை. கோடையில் கூப்பிட்ட கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குச் சோதனையில் தேறிப் போனார்.

மூன்று கிளாஸை எடுத்துக்கொண்டு, பெரியதை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உரித்த பூண்டை அதில்தான் போட்டு வைக்கிறேன். வீடியோ காலில் அதைப் பார்த்தால் கப்பல் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு, "காம்பைப் பிடி, காம்பைப் பிடி," என்கிறார். நான் வயிற்றைப் பிடித்துத்தான் தூக்குகிறேன்.