பிடுங்க விடாத பல்

ஒரு சட்டையின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கீழ்த்தாடையில் இடப்பக்கம் சுருக்கென்றது. ஊசிதான் குத்தியிருக்கும் என்று விரலைப் பார்த்தேன். விரலில் ஒன்றுமில்லை.

தையல்காரனுக்கு வலி விரலில் வரும், முதுகில் வரும், மிதித்து மிதித்து முழங்காலில் வரும். பல்லில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்துவிட்டேன்.

நான் தென்காசி ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டுத் தைப்பவன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயது முதலே கூச்சம் அதிகம். அளவெடுக்கும்போதுகூட ஆள் முகத்தைப் பார்க்கமாட்டேன், நாடாவைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் இதை எழுதக் காரணம் உண்டு. பல் போன பிறகும் வலி போகாமல், சொன்னால் யாரும் நம்பாமல், தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எங்காவது ஒருவர் இருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

முதலில் வீட்டு வைத்தியம். கிராம்பைக் கடித்தேன். உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தேன். புழு விழும் என்றார்கள். எச்சில்தான் விழுந்தது. சில நாளில் கன்னம் வீங்கி, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. காய்ச்சலும் வந்தது. என் மனைவி சொர்ணம் கஞ்சியைக் கரண்டியால் ஊற்றிப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கெளம்புங்க ஆசுபத்திரிக்கு. இனி ஒங்க பேச்சுக்கு வேலையில்ல."

நான் பேசவே இல்லை. பேசவும் முடியாது.

ஆசுபத்திரியில் டாக்டர் ஒரு சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். சீழ்க்கட்டி என்றார் (பல்லுக்குள் புகுந்த அழுகல் வேர் வழியாக இறங்கி, தாடை எலும்பில் சீழாகத் தேங்குவது). கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் அது வந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கழுத்துக்கு இறங்கியிருக்கும். அப்புறம் மூச்சுக்கே ஆபத்து" என்றார். ஈறைக் கீறிச் சீழை வடித்தார். வீக்கம் தணிந்த பிறகு பல்லைப் பிடுங்கினார். தகரத் தட்டில் அது விழுந்த சத்தம், என் மிஷினிலிருந்து ஒரு திருகாணி கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

"குழியில கை வைக்காதேயும். பலமாக் கொப்பளிக்காதேயும்" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

சாரல் காலம் அது. சொர்ணத்தின் அண்ணன் அச்சன்புதூரில் வயல் வைத்திருப்பவர். நாற்று நட்டு முடித்துவிட்டுக் குற்றாலத்தில் குளிக்க வந்தவர், வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். என் கன்னத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, கதவைச் சாத்திக்கிட்டு கெடக்கீரு? வாரும், அருவியில கொஞ்ச நேரம் நின்னா எல்லாம் எறங்கிரும்."

"டாக்டர் கொப்பளிக்கக் கூடாதுன்னுருக்காரு மச்சான்."

"கொப்பளிக்கத்தானவே கூடாதுன்னாரு? அருவியில நிக்கக் கூடாதுன்னா சொன்னாரு?"

எங்கள் பக்கத்தில் பிறந்தவர் யாரும் அதை மறுத்திருக்க மாட்டார்கள். கழுத்துச் சுளுக்கா, கழுத்தை அருவிக்குக் காட்டு. முதுகு பிடித்திருக்கிறதா, முதுகைக் காட்டு. நோவு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் அடிக்கட்டும். அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றேன். கன்னத்தைக் காட்டினேன். வாயையும் திறந்து காட்டினேன். தாடை மரத்து, எனக்குத் தாடை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அவ்வளவு சுகம். திரும்பும்போது மைத்துனர் வண்டியில் பாடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் வலி வந்தது. முன்பிருந்த வலி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. காது, நெற்றிப்பொட்டு, கண் என்று பாதி முகத்துக்கும் அது கிளை விட்டிருந்தது.

டாக்டர் குழியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குற்றாலம் போனீரா?" என்பதுதான்.

தலையை ஆட்டினேன்.

"வறண்ட குழி" என்றார் (பல் பிடுங்கிய பள்ளத்தில் இரத்தம் உறைந்து மூடியாக நிற்க வேண்டும், அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெறுமையாகக் கிடக்கும்). "புண்ணுக்குப் பொருக்கு மாதிரி அது. அருவிக்குக் கொடுத்துட்டு வந்திருக்கீர். தென்காசிக்காரங்களுக்கு மட்டும் நான் இதைத் தனியாச் சொல்லணும்போல" என்று சொல்லி, கோபமும் சிரிப்புமாக, கிராம்புத் தைலம் தோய்த்த துணித்திரியைக் குழியில் வைத்தார். அதைப் பல முறை மாற்றினார். குழி மெல்லத் தூர்ந்து, ஈறு மூடிக்கொண்டது. நாக்கால் தடவினால் வழுவழுப்பாக இருந்தது.

வலி மட்டும் இருந்தது.

அது எப்படிப்பட்ட வலி என்று சொல்லப் பார்க்கிறேன். குத்தும் வலி இல்லை. துணியில் நூலோட்டம் போடுவதுபோல, கோரைப்பல்லுக்குப் பக்கத்திலிருந்து காது வரை ஒரே சீராக ஓடும். காலையில் இருக்காது. சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கும். சாரல் காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினால் போய்விடும். மறுநாள் அதே நேரத்தில் வந்து நிற்கும்.

சொன்னால் சிரித்தார்கள். மைத்துனர் கடைக்கே வந்து, துணி வாங்க வந்தவர்கள் கேட்கும்படி சொன்னார்: "கேட்டீரா அண்ணாச்சி, பல்லு ஆசுபத்திரியில கெடக்கு, வலி மட்டும் இங்கன வேலைக்கு வந்துட்டு இருக்கு!" ஜவுளிக்கடை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து மிஷினை மிதித்தேன்.

அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று வீட்டில் நடந்தது. ஒரு சாயங்காலம் சொர்ணம் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவே வலிக்கா? இல்ல, பயந்துபோயி அப்படித் தோணுதா?"

"நீயுமா?" என்றேன்.

"நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? டாக்டரே ஆறிட்டுன்னு சொல்லுதாரு. நான் யாரை நம்ப?"

"வலிக்கிறவனை நம்பு."

மறுநாள் அவளே அண்ணனையும் வரவழைத்து, என்னை ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் நல்லவர். அவசரப்படவில்லை. வெகு நேரம் பார்த்தார். கடைசியில் கண்ணாடி கோரைப்பல்லின் மேல் நின்றது.

"குழி சுத்தமா ஆறிட்டுது. இன்னமும் வலிக்கிறதுன்னா பக்கத்துப் பல்லாத்தான் இருக்கும். இதுல பள்ளம் விழுந்திருக்கு பாரும். இதையும் எடுத்துடுவோம்."

"அது நூல் அறுத்த பள்ளம் ஐயா" என்றேன். ஊசி பிடித்த நாளிலிருந்து நான் அந்தப் பல்லால்தான் நூல் அறுக்கிறேன். அறுத்து அறுத்து அதன் நுனியில் நூல் உட்காரும் அளவுக்கு ஒரு தடம் விழுந்திருந்தது.

"எதனால விழுந்தா என்ன? தேஞ்ச பல்லு. அழுகல் நுழைய வழி இருக்கு." சொன்னதில் நியாயம் இருந்தது. கருவியின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டினார். "வலிக்குதா?"

"இல்லை."

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்தார். அதற்கும் வலிக்கவில்லை.

"இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வலிக்கும்" என்றார், அவருக்கே அவ்வளவு நிச்சயமில்லாத குரலில்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பல்லுக்கு என்னவே இவ்வளவு யோசனை? எனக்கு நாலு போயாச்சு. நான் முறுக்குத் திங்கலையா?"

"ஊற வச்சுத்தான திங்கீரு" என்று சொர்ணம் முணுமுணுத்தாள். ஆனால் என்னைப் பார்த்து, "வலி போனாப் போதும்ங்க. எடுத்துருவோம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. டாக்டர் பல் பிடுங்கும் குறடைக் கையில் எடுத்துவிட்டார்.

என் வாழ்நாளில் நான் யாரிடமும் மறுத்துப் பேசியவன் அல்ல. கை நீளமாக வை என்றால் வைப்பேன், குட்டையாக்கு என்றால் குட்டையாக்குவேன். அன்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"இந்தப் பல்லு வலிக்கலை. வலிக்காத பல்லைத் தரமாட்டேன்."

"அப்ப வலிக்கு என்ன செய்யப் போறீர்?"

"அது இருந்துட்டுப் போகட்டும் ஐயா. அது எங்க இருக்குன்னு ஒங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினா அது கூடவே வந்துருமா? ஒண்ணைப் பிடுங்கியாச்சு. வரலையே."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

டாக்டர் குறடைத் தட்டில் வைத்தார். "சரி. உம்ம பல்லு, உம்ம வலி. ஆனா ஒண்ணு. வீக்கமோ, காய்ச்சலோ, சீழ்க்கசிவோ வந்தா அன்னைக்கே வரணும். அன்னைக்குப் பேச்சு கிடையாது."

"வாரேன் ஐயா."

வாசிப்பவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் சொல்லுக்கு எதிராக நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் பக்கம்தான் சரி என்று அன்று எனக்குத் தெரியாது. தவறியிருந்தால் அந்தப் பல்லும் போய், தாடையும் போயிருக்கலாம். வீங்கினால் ஓடுங்கள். வலிக்காததை மட்டும், மற்றவர்கள் வாயை அடைப்பதற்காகக் கொடுக்காதீர்கள். என் வலி பொய் என்று சொன்னவர்களை நம்பவைக்க ஒரு நல்ல பல்லை நான் ஏன் சாட்சியாகப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும்?

"டாக்டர் முன்னால என் மானத்தை வாங்கிட்டீரே மாப்ளே" என்று வழி நெடுக மைத்துனர் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு சேர்ந்ததும் சொர்ணம் ஒரு சிறு கத்தரியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "அந்தப் பல்லு நமக்கு இருக்கணும்னா, இனி இதால அறுங்க." அவள் 'நமக்கு' என்று சொன்னதை நான் கவனித்தேன். கத்தரியை மிஷினில் ஒரு நாடாவால் கட்டித் தொங்கவிட்டேன்.

அதன் பிறகு வலிக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்தது. சாயங்காலம் வந்ததும் முன்பெல்லாம் வேலையை ஒதுக்கிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொள்வேன். இனி அப்படி இல்லை என்று முடிவு செய்தேன். கழுத்துப்பட்டி வைப்பதுதான் சட்டையில் கஷ்டமான வேலை. நூலிழை பிசகினாலும் முகத்துக்கு நேரே தெரியும். அந்த வேலையை அந்த நேரத்துக்கென்றே எடுத்து வைத்தேன். துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை ஒரு வாய் அடக்கிக்கொண்டு, மிதிப்பேன். வலி ஒரு பக்கம் ஓடும், ஊசி ஒரு பக்கம் ஓடும்.

சில நாள் தோற்றேன். ஒருநாள் துணியை வீசி எறிந்திருக்கிறேன். இன்னொரு நாள், காலையில் தைத்த கழுத்துப்பட்டியையும் சாயங்காலம் தைத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எந்த நேரத்துத் தையல் என்று எனக்கே தெரியவில்லை. வெகு நேரம் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலமும் போனேன். அருவி என்ன பாவம் செய்தது? முதுகைக் கொடுத்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். இரைச்சலுக்கு மேலே மைத்துனர் கத்துவது கேட்டது: "கன்னத்தைக் காட்டாதேயும்வே! கன்னத்தைக் காட்டாதேயும்!" பக்கத்தில் குளித்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் அன்று வாய்விட்டுச் சிரித்தேன். தண்ணீர் உள்ளே போனது. ஒன்றும் ஆகவில்லை.

வலி முழுக்கப் போகவில்லை. மெலிந்திருக்கிறது. முன்பு காது வரை ஓடியது இப்போது தாடையின் வளைவிலேயே நின்றுவிடுகிறது. என் முகத்தில் இடப்பக்கம் எனக்கு முன்பு தெரியாத ஓர் இடமாக இருந்தது. இப்போது அதன் ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும். வலப்பக்கத்தை நான் நினைப்பதே இல்லை. சுகமாக இருக்கும் உடம்பை யார் நினைக்கிறார்கள்?

சமீபத்தில் அந்த டாக்டர் கடை வழியாகப் போனவர், கோட்டில் பித்தான் ஆடுகிறது என்று படியேறினார். கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். நான் கிட்டத்தில் நின்று ஊசி போட்டேன். நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சிட்டேன். கத்தரி மிஷினில் கட்டியிருந்தது, கை எட்டவில்லை. யோசிக்காமல் குனிந்து, நூலைப் பல்லுக்குக் கொடுத்தேன். அது பழைய தடத்தில் போய் உட்கார்ந்தது. அறுந்தது.

"அந்தப் பல்லா?" என்றார்.

"அதேதான் ஐயா."

அவர் பித்தானை இழுத்துப் பார்த்தார். "வலி?"

"வரும். இன்னும் நேரம் ஆகலை."

முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவர் தெரு முனை திரும்பும்போது அது வந்தது, வழக்கமான இடத்தில், வழக்கம்போல. மணி பார்க்க எனக்கு இப்போதெல்லாம் கடிகாரம் வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து பார்த்தேன். இன்னும் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைக்க வெளிச்சம் இருந்தது.