அம்மா சொல்ல வந்த குளவிக் கதை

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. குருவிட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்று என் பேச்சை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கர்வத்தோடுதான் அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனேன். கொழுந்து பறித்தே வயதான அம்மாவுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும்.

வார்டில் நர்ஸ் மிஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு சிங்களத்தில் கேள்வி கேட்டார். ஏதாவது மருந்தோ சாப்பாடோ ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"மருந்தெல்லாம் ஒன்னும் செய்யல. ஏழாம் நம்பர் மலையில குளவி கொட்டி, மொகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம, லொறியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்களே..."

"மருந்தத்தான் கேக்குறாங்கம்மா. தோட்டத்துக் கதையெல்லாம் இங்க எதுக்கு?"

அம்மா என்ன சொல்கிறார் என்று மிஸ் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கண்ணுக்குப் பக்கத்தில் விறைக்கிற ஊசி போட்டார்கள். கத்தி வைப்பதற்கு முன்பே கண் வீங்கிப் பிதுங்கிவிட்டது. ஆபரேஷனை நிறுத்தினார்கள். கண்ணில் அழுத்தம் ஏறுகிறது, பார்வை தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு வாரம் மருந்து போட்டுப் பார்வை தப்பியது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

விறைப்பு சீக்கிரம் பரவுவதற்காக அந்த ஊசியில் இன்னொரு மருந்தையும் கலப்பார்களாம். அதே மாதிரியான பொருள் குளவி விஷத்திலும் இருக்கிறதாம். அம்மாவைக் குளவி கொட்டியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் டாக்டர். கேட்டேன்.

அம்மா திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"இல்லைன்னே சொல்லிரு புள்ள. ஒனக்கு வெக்கமா இருக்குமில்ல."

எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. ஆம், கொட்டியிருக்கிறது, மோசமாகக் கொட்டியிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அம்மா மறந்துவிட்டார்" என்றேன்.

அந்த அளவு சிங்களம் அம்மாவுக்குப் புரியும். வீங்கிய கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினாள்.