மரவள்ளித் தைலம்

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், ஈப்போவில் நடந்தது இது. அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள் அக்கா. தோட்டத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். இவளுக்கு மிஞ்சியது விரலில் முடக்குவாதம். பிஸ்கட் டின்னைத் திறக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள்.

ஹட்யாய்க்குச் சுற்றுலா போய் வந்த பக்கத்து வீட்டு அம்மா, மூட்டுவலிக்கு நல்லது என்று ஒரு தைலப் பாட்டில் கொடுத்தார். மேலே தாய்லாந்து எழுத்து, விரல் விரித்தது போல ஓர் இலைப் படம். தோட்டத்துக்காரிகளான எங்களுக்கு அது மரவள்ளி இலைதான்.

"மரவள்ளியில தைலமா? அத வேகவச்சுத் தின்னே வளர்ந்தோம்லா!" என்று அக்கா சிரித்தாள்.

காலையும் மாலையும் தேய்த்துவிட்டேன். பத்தாம் நாள் காலையில் டின் மூடி திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருக்கிறாள். தைலம் வேலை செய்ததா, நான் தேய்த்துவிட்டது வேலை செய்ததா, தெரியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்று வாங்கலாம் என்று பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, போலீஸ் நிலையத்தைத் தாண்டி மருந்துக்கடைக்கு நடந்தேன். கடையில் நின்ற அத்தனை பேர் முன்னால், "மரவள்ளித் தைலம் இருக்கா?" என்று கேட்டேன். கடைப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"ஆன்ட்டி, இது மரவள்ளி இல்ல, கஞ்சா. பையில போடுங்க. தாய்லாந்துல விப்பாங்க, இங்க வச்சிருந்தாலே கேஸ்லா."

பாட்டிலைப் பைக்குள் திணித்தேன். வீட்டுக்கு வந்த வேகத்தில் மீதித் தைலத்தைக் கழிவறையில் ஊற்றி, மூன்று முறை தண்ணீர் விட்டேன். பிறகுதான் அக்காவிடம் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "என் கை தானே? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

மருத்துவமனையில் கேட்டுப் பார்த்தோம். அந்தத் தைலத்துக்கு வலி கேட்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எழுதித் தரவும் முடியாது என்றார் டாக்டர். அக்கா முன்பிருந்தே விழுங்கிவரும், வயிற்றை எரிக்கும் அதே வலி மாத்திரைதான் மறுபடியும் கிடைத்தது.

இப்போதும் நான்தான் டின்னைத் திறக்கிறேன். அக்கா கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நான் வரும்வரை தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பாள். அன்று கேட்டிருந்தால் அவளே "ஊத்திரு" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைக்கூட நான் அவளுக்கு விடவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குக் கசக்கிறது.