துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்காரர் கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். முறத்தில் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். சிரிக்கிற நிலைமையில் வீடு இல்லை. சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ரைஸ்மில். வசூலுக்குப் போய்விட்டுக் காட்டுமன்னார்கோயில் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தவரை யாரோ மறித்து, பையைப் பிடுங்கிக்கொண்டு, கை விரலையும் உடைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் மில்லை விட்டு நகர்வதில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நிற்கும். லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, நடையாய் நடந்து, ஒருவழியாக அது கைக்கு வந்தபோது சுனாமி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

புதுசு என்றால் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கடலூரில் துப்பாக்கி விற்கிற கடையில் பழைய ரிவால்வர் ஒன்று இருப்பதாக என் அண்ணன்தான் விசாரித்துச் சொன்னார். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குகிற ஆள். துப்பாக்கி பார்க்க இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

கடை பெஞ்சில் முதுநகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி அவருடைய கணவருடையது. அவர் இறந்ததும் கடையில் ஒப்படைத்து வைத்திருந்தார்கள். விற்பதென்றால் வாரிசுகள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமென்று கடைக்காரர் சொன்னார். வாரிசு என்று இருந்தது அந்த அம்மாளும் ஒரே மகனும்தான்.

“மவன் ஓசூர்ல இருக்கான்மா,” என்று நான் கேட்காமலே சொன்னார். “வாங்கறவங்க முடிவானா சொல்லு, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்னு சொல்லிக்கிறான். அப்பன் சாவுக்கு வந்தான். வந்த வேகத்துல தெருவுலயே நின்னுட்டுப் போய்ட்டான், வீட்டுல கால வைக்கல. இதுக்கு வந்தான்னா ஒரு வேள சோறாவது போட்டு அனுப்பலாம். முன்னாடி ஒருத்தர் பாத்துட்டு வேணாம்னுட்டாரு. நீங்களாவது எடுத்துக்குங்க.”

எங்களுக்கு டீ சொல்லியனுப்பியதும் அவர்தான்.

அண்ணன் துப்பாக்கியை வாங்கியதும் முதலில் உள்ளே குண்டு இல்லையென்று உறுதி செய்துகொண்டார். குழலின் முனையில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. “இது உறையில உரசினது மாப்ள, இதப் பாத்து பயப்படாத,” என்றார். திருகாணித் தலைகளை நகத்தால் தடவினார். அவை சிதையாமல் இருந்தால் கண்டவன் கழற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம். பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே இருந்த வரிகள் மழுங்காமல் இருந்தன. அதிகம் சுடாத துப்பாக்கி என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுபக்கம் திருப்பியதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. கைப்பிடிக்கு மேலே தட்டையான இடத்தில், எட்டணா அகலத்துக்கு வட்டமாகத் துரு அரித்துக் குழிகுழியாக இருந்தது. அந்தத் துரு இடுக்கு வழியாக உள்ளேயும் இறங்கியிருந்தது. விசையை இழுத்தால், குண்டு போடுகிற உருளை ஒரு சமயம் சரியாக வந்து நின்றது. ஒரு சமயம் வராமல் பாதியில் நின்றது.

“உப்புக் காத்தா மச்சான்?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

“உப்புக் காத்து இப்டி ரவுண்டா கடிக்காது மாப்ள.”

“அது பொட்டு வச்ச எடம் தம்பி,” என்றார் அந்த அம்மாள். “ஆயுத பூசைக்கி வருசா வருசம் நான்தான் சந்தனம் கொழச்சி வப்பேன்.”

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் மில்லில் மோட்டாரிலிருந்து தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டுதான். ஆனால் மறுநாள் துடைத்துவிடுவோம். அண்ணனும் அதைத்தான் கேட்டார், துடைத்து எண்ணெய் போட்டிருக்கக் கூடாதா என்று.

“அவரு தொடைக்க வுடல. மொதல்லலாம் அவரே தொடச்சிப் பளபளன்னு வச்சிருப்பாரு. ஒரு நாளு அவருக்கும் மவனுக்கும் பேச்சு முத்திப் போச்சி. அவன் கட்டிக்கிறேன்னு சொன்ன பொண்ணு இவருக்குப் புடிக்கல. இத எடுத்து அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டாரு. சுடல தம்பி, நீட்டினதோட சரி. அவன் கட்டுன லுங்கியோட கெளம்பிப் போய்ட்டான். அதுலேந்து அவரு இதத் தொடல. நான் பொட்டு வச்சா, அப்டியே கெடக்கட்டும், தொடைக்காதன்னுடுவாரு. அடுத்த பூசைக்கி அதும் மேலயே வப்பேன்.”

கடைக்காரர், சின்ன வேலைதான், சரி பண்ணிவிடலாம் என்று முனகினார். அண்ணன் அசையவில்லை. “இது சுடும் மாப்ள. எப்ப சுடாதுன்னுதான் என்னால சொல்ல முடியாது. உசுருக்குப் பயந்து வாங்குற பொருள் இப்டி இருக்கக் கூடாது.”

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். யாராவது கண்கலங்கினால் மில்லையே எழுதிக் கொடுத்துவிடுகிற மனுஷர். எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தக் கண் கேட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பெத்த புள்ள மேல நீட்டினது நம்ம வீட்டுக்குள்ள வேணாம்,” என்று அவர் காதோடு சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்த அம்மாள் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் எழுந்தபோது அவர் கடைக்காரரிடம், “அப்ப அவனுக்கு போன் போட வேணாமா?” என்று கேட்டார். டீ கிளாஸ்கள் பெஞ்சில் அப்படியே இருந்தன.

பிறகு வேறு ஒரு துப்பாக்கி வாங்கினோம், அண்ணன் குறையே சொல்லாத துப்பாக்கி. அது பீரோவை விட்டு வெளியே வந்ததே தேர்தல் சமயங்களில்தான், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்காக. எங்கள் வீட்டுக்காரரின் பயத்தைத் தீர்த்தது அதுவல்ல. வசூலுக்குப் போகும்போது பைக்கின் பின்னால் என் அண்ணன் ஏறி உட்கார ஆரம்பித்தார், அவ்வளவுதான். சுடாத துப்பாக்கியே எங்களுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, லைசென்ஸ் வேலையாக மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். அந்த ரிவால்வரை யார் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“யாரும் எடுக்கலம்மா. கவர்மென்ட்டுக்கே ஒப்படைச்சிட்டாங்க,” என்றார் கடைக்காரர்.

“மகன் வந்திருந்தாரா?”

“விக்கிறதுக்குத்தாம்மா அவரு வரணும். ஒப்படைக்கிறதுக்கு அந்த அம்மா கையெழுத்தே போதும்னுட்டாங்க. தனியா வந்து போட்டுட்டுப் போனாங்க.”