சேட்டு புதைத்த பிள்ளையார்கள்

மரக்காணம் உப்பளத்தில் சேட்டுவைத் தெரியாதவர் கிடையாது. உப்பு வாருவதில் அவன் ஒன்றும் பெரிய சூரன் இல்லை. வாயைத் திறந்தால் மட்டும் பக்கத்துப் பாத்திக்காரன் வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவான். கதை அளக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் கேட்பார்கள். அந்த வாய்தான் கடைசியில் அவன் வீட்டுக்கு எமனாக வந்தது.

ஆரம்பித்து வைத்தது ஒரு செம்பு. குடிதண்ணீர் கொண்டுபோன பித்தளைச் செம்பைப் பாத்தியின் ஒரு மூலையில் மறந்துவிட்டான், அது சேற்றுக்குள் போய்விட்டது. உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற காரமான தண்ணீரை அந்த மூலைக்குத்தான் திருப்பி விடுவார்கள். கோடை முடிந்து அகப்பட்டபோது செம்பு பச்சை பூத்து, அங்கங்கே அரித்து, ஏதோ ராஜா காலத்துச் சாமான் மாதிரி இருந்தது. இடையஞ்சாவடிப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு பழசு என்று கேட்டார். “எங்க முப்பாட்டன் காலத்துதுங்க” என்றான் சேட்டு. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

அப்புறம் போன் இருக்கவே இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கிற ஆன்லைன் சந்தையில் கடை போடுவது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தான். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுக்க வேண்டும். பின்னால் எவர்சில்வர் தட்டு தெரியக் கூடாது. அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும், கீறல் இருந்தால் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை எழுத வேண்டும். மற்றதையெல்லாம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டான், கதை தானாக வந்தது. பாண்டிச்சேரியில் புத்தம் புதிய பித்தளைப் பிள்ளையார்களை வாங்கி வந்து அதே மூலையில் சேற்றில் புதைத்தான். பச்சை பூத்ததும் எடுத்துப் படம் போட்டு, ‘முந்நூறு வருஷம் பூசை கண்ட கோயில் பிள்ளையார்’ என்று எழுதினான். அதை போனே இங்கிலீஷாக்கிக் கொடுத்தது.

கடை அவன் பெண்சாதி திரௌபதி பேரில் இருந்தது. மகளிர் குழுவில் சேர்ந்ததால் அந்த வீட்டில் ஒழுங்கான பேங்க் கணக்கும் பான் கார்டும் அவளிடம்தான் இருந்தன. கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை.

“சாமியப் போயி சேத்துல பொதைக்கிறியே, ஒனக்கு பக்குன்னு இல்லியாய்யா?”

“பூசை பண்ணாத்தான்டி சாமி. அதுவரைக்கும் வெறும் பித்தளை.”

அன்றிலிருந்து அவள் அந்த மூலையைப் பார்க்காமலே பாத்தியைக் கடந்தாள்.

பிள்ளையார்கள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டிப் போனார்கள். பெல்ஜியத்துக்குக் கிளம்பியவர் மட்டும் சென்னைச் சுங்கத்தைத் தாண்டவில்லை. இன்றைக்கு நகரும், நாளைக்கு நகரும் என்று சேட்டு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பழைய சிலையை நாட்டை விட்டு அனுப்புவது குற்றம் என்று அவன் பார்த்த எந்த வீடியோவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், நம்மது புதுசுதானே என்று இருந்திருப்பான்.

ஜீப் நடுப்பகலில் உப்பளத்துக்கே வந்தது. பெண் போலீஸ் ஒருத்தியோடு இறங்கிய சிலைக்கடத்தல் தடுப்பு அதிகாரி, “திரௌபதி யாரும்மா?” என்று கேட்டார். தலையில் உப்புக் கூடையோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். அதிகாரி தன் போனில் அவள் பேரில் இருந்த கடையைக் காட்டினார்.

“இங்க முந்நூறு வருஷத்துச் சிலைன்னு போட்டிருக்கீங்க. பார்சல் மேல மட்டும் புது பித்தளை பொம்மைன்னு எழுதியிருக்கீங்க. யாரை ஏமாத்தப் பாக்குறீங்க? எந்தக் கோயில்ல எடுத்தது?”

சேட்டு ஓடி வந்தான். “புதுசுதான் சார்! பார்சல்ல எழுதினதுதான் நெசம். கடையில போட்டது பொய்யி.”

“வாங்கின பில்லு இருக்குதா?”

இல்லை. புதுசு வாங்கிய பில் எவன் கண்ணிலாவது பட்டுவிடப் போகிறது என்று அவனே கிழித்துப் போட்டிருந்தான். திடீரென்று அவன் முகம் தெளிந்தது. “வாங்க சார், எப்படிப் பண்றேன்னு காட்டுறேன்” என்று அதிகாரியை மூலைக்குக் கூட்டிப்போய், முழங்காலிட்டு இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினான். ஒரு பிள்ளையார் வந்தார். அடுத்தவர் வந்தார். தும்பிக்கை அரித்தவர், காது மழுங்கியவர் என்று வரிசையாகக் கரையில் எடுத்து வைத்தான். இப்போது நம்பியே ஆக வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தான்.

அதிகாரி ஒன்றைக் கழுவித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இறுகிவிட்டது.

“இவ்ளோ சிலைங்கள பதுக்கி வச்சிருக்கியா?”

வாழ்நாளில் சேட்டு இவ்வளவு நன்றாக எந்த வேலையும் செய்ததில்லை. அதுவே இப்போது கழுத்தை நெரித்தது.

“நிபுணர் பாத்துச் சொல்லட்டும், மாசக்கணக்குல ஆவும்” என்றார் அதிகாரி. “அதுவரைக்கும் கடை யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் பதில் சொல்லணும். ஏறும்மா வண்டியில.”

திரௌபதி கூடையை இறக்கக்கூட இல்லை. “நான் ஒண்ணும் பண்ணலீங்களே” என்றாள். பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்ததும் கூடை சரிந்தது. இவளை இந்தச் சேற்றில் தள்ளியது தான்தான் என்பது சேட்டுவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

“அவளுக்கு எதுவும் தெரியாது சார்!”

“அப்ப யாருக்குத் தெரியும்? எந்தக் கோயில்?”

“புதுசு சார், சத்தியமா…” என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். அதிகாரி கேட்கவே இல்லை, ஜீப் பக்கம் திரும்பிவிட்டார்.

“அனுமந்தை தாண்டி ஒரு இடிஞ்ச கோயில் சார்” என்றான் சேட்டு. “நான்தான் பூட்டை ஒடச்சி எடுத்தேன். இவளுக்குத் தெரியாம இவ பேர்ல கடை வச்சேன்.”

அதிகாரி திரும்பி வந்தார். கதவு எந்தப் பக்கம் பார்த்தது, பூட்டு எப்படித் துருப்பிடித்திருந்தது, உள்ளே வௌவால் எப்படிப் பறந்தது, அத்தனையும் சேட்டு தடங்கலில்லாமல் சொன்னான். அப்படி ஒரு கோயில் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது. அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, திரௌபதியை விடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“நாளைக்கு அந்தக் கோயில காட்டணும்.”

“காட்டுறேன் சார்.”

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. திரௌபதி பின்னாலேயே ஓடினாள். “பொய் சார்! அவரு பொய் சொல்றாரு! அவரு திருடல சார்!”

“எல்லாப் பொண்டாட்டிங்களும் இதையேதான் சொல்லுவாங்க” என்று சொல்லி, அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டார்.